சீனவெடிக்கு நடுங்கும் நாய்க்குட்டியை எப்படிப் பழக்குவது?

2008 இன் கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது, எங்கள் மணி உழவு இயந்திரத்தின் பின்னால் முரசுமோட்டை வரை ஓடி வந்தது. அதன் பிறகு காணவில்லை. வன்னியில் பல வீடுகளில் இப்படியொரு நாயின் கதை இருக்கிறது. அதன் பின்னர் அம்மா வீட்டில் நாய் வளர்க்க விடவில்லை. கடந்த வருடம்தான், அயல்வீட்டு நாய் போட்ட குட்டிகளில் ஒன்றைக் கேட்காமலே கொண்டுவந்தேன்.

தீபாவளியன்று ஒழுங்கையில் சீனவெடி கொளுத்தினார்கள். குட்டி கட்டிலுக்குக் கீழே ஓடிப்போய் சிறுநீர் கழித்துவிட்டது. நான் ஏசினேன்.

"அதை ஏசாத பிள்ளை. சத்தத்துக்குப் பயப்பிடுறது அதின்ர பிழையே?" என்றார் அம்மா. அவருடைய கையும் நடுங்கிக்கொண்டிருந்தது.

அம்மா சொன்னதையே கால்நடை வைத்தியரும் சொன்னார். பயந்த நாயை அடித்தாலோ ஏசினாலோ பயம் இரட்டிப்பாகும். சத்தத்தோடு சேர்த்து எங்களுக்கும் அது பயப்படத் தொடங்கும். தடவி ஆறுதல் சொன்னால் பயம் பழகிவிடும் என்பது தவறான எண்ணம்.

குட்டியின் வயதில் ஏறத்தாழ 3 முதல் 14 வாரம் வரையான காலம் முக்கியமானது. அப்போது நல்லவிதமாக அறிமுகமாகும் மனிதர், வாகனம், சத்தம் எல்லாவற்றையும் அது இயல்பானதாக ஏற்றுக்கொள்ளும். அதற்காக மிக இளம் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது. எட்டு வாரமாவது தாயுடன் இருக்கவேண்டும். எவ்வளவு கடித்தால் மற்றவருக்கு நோகும் என்பதைக் கூடப்பிறந்த குட்டிகளோடு விளையாடித்தான் அது கற்றுக்கொள்கிறது. தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்கிவிடாமல் தூக்கிச் சென்று காட்டலாம். விசர்நாய்த் தடுப்பூசியை வருடாவருடம் போடவேண்டும்.

சத்தத்துக்குப் பழக்கும் முறை எளிது. வெடிச்சத்த ஒலிப்பதிவொன்றை கைபேசியில் மிக மெதுவாகப் போடுங்கள். சத்தம் கேட்டதும் முள் எடுத்த அவித்த மீனில் ஒரு சின்னத்துண்டு கொடுங்கள். சத்தம் முதலில், தீன் பிறகு. இந்த ஒழுங்கு மாறக்கூடாது. நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். சில நாட்களுக்கு ஒருமுறை சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். குட்டி தின்பதை நிறுத்தினால் சத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம், உடனே குறையுங்கள். உண்மையான வெடி வெடிக்கும் நாளில் பயிற்சி வேண்டாம். கதவைச் சாத்தி, வானொலியைப் போட்டு, அருகில் இருங்கள்.

வீட்டுக்குள் அசுத்தம் செய்வதும் இப்படித்தான். நித்திரையால் எழும்பியதும், சாப்பிட்டதும், விளையாடி முடிந்ததும் முற்றத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே இருந்தால் அந்த இடத்திலேயே பாராட்டுங்கள். நேரம் கழித்துத் தண்டித்தால் எதற்கென்று அதற்கு விளங்காது. நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டுவதையும் தவிருங்கள். மனிதரோடு பழகாத நாய்தான் பயத்தில் பாய்ந்து கடிக்கிறது.

எங்கள் வீட்டில் ஒலிப்பதிவைப் போடும் வேலை என்னுடையது. மீன் கொடுக்கும் வேலையை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் நாட்களில் மெல்லிய சத்தத்துக்கே அவர் முகம் மாறும். "கொஞ்சம் குறை" என்பார். அது குட்டிக்காகவா தனக்காகவா என்று நான் கேட்கவில்லை, குறைத்தேன்.

சித்திரை வருடப்பிறப்புக்கு மீண்டும் வெடி கொளுத்தினார்கள். குட்டி அம்மாவின் காலடியில் போய்ப் படுத்தது. நடுங்கியது, ஆனால் மீனைத் தின்றது. இருவருக்கும் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இந்தமுறை இருவரும் விறாந்தையிலேயே இருந்தார்கள்.