உலோக விரிவு மூட்டு

உலோக விரிவு மூட்டு என்பது, வெப்பத்தால் நீளும் குழாயின் அசைவை ஏற்பதற்காக அக்குழாயின் இடையே பொருத்தப்படும் நெகிழ்வான உறுப்பு ஆகும். இதன் முதன்மைப் பகுதி துருத்தி எனப்படுகிறது. மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் வளைய மடிப்புகள் உண்டாக்கி இது செய்யப்படுகிறது. ஆர்மோனியத்தின் துருத்தியைப் போலச் சுருங்கி விரிந்தாலும், உள்ளிருக்கும் நீராவியின் அழுத்தத்தையும் இது தாங்க வேண்டும்.

தேவை

சாதாரண எஃகு, வெப்பநிலை 1 பாகை செல்சியசு உயரும்போது ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீளும். 30 பாகையில் பொருத்தப்பட்ட 100 மீட்டர் குழாயில் 180 பாகை நீராவி சென்றால், அது சுமார் 18 சென்டிமீட்டர் நீளும். இரு முனைகளையும் அசையாமல் பிடித்துவிட்டால், குழாய்ச் சுவரில் எழும் தகைவு சாதாரண எஃகின் தாங்குதிறனைக் கடந்துவிடும். குழாய் வளையும், அல்லது தாங்கிகள் பெயரும்.

இதற்கு முதல் தீர்வு விரிவு மூட்டு அன்று. குழாயை 'ப' வடிவில் வளைத்துச் சென்றாலே பெரும்பாலும் போதும். கசியக்கூடிய மெல்லிய பகுதி அதில் இல்லை. கல்பாக்கத்தில் 1985 அக்டோபர் 18 அன்று இயங்கத் தொடங்கிய வேக ஈனுலைச் சோதனை உலையில் திரவ சோடியம் வெப்பத்தைக் கடத்துகிறது. காற்றுப் பட்டால் எரியும் இத்தகைய பாய்மத்துக்குக் குழாய் வளைவுகளையே பொறியாளர்கள் பொதுவாக விரும்புகின்றனர். வளைவுக்கு இடமில்லாதபோதும், குழாயின் விட்டம் மிகப் பெரிதாக இருக்கும்போதும், விசையாழி போன்ற எந்திரத்தின் வாயில் சுமை ஏறக்கூடாத இடங்களிலும் மூட்டு இன்றியமையாததாகிறது.

அழுத்த உந்துவிசை

தேர்வில் மிகுதியாகக் கவனிக்காமல் விடப்படுவது இதுவே. துருத்தி நீளவாக்கில் நெகிழ்வதால், உள்ளழுத்தம் அதனை இழுத்து விரிக்க முயலும். பயனுறு விட்டம் 30 சென்டிமீட்டர், அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோகிராம் எனக் கொண்டால், இவ்விசை ஏறத்தாழ 7 டன் ஆகும். நீரழுத்தச் சோதனை 1.5 மடங்கு அழுத்தத்தில் செய்யப்பட்டால் 10.5 டன் ஆகும். கட்டற்ற எளிய அச்சு மூட்டைப் பயன்படுத்தினால், இவ்விசை முழுவதையும் இருபுறமும் உள்ள நிலைத் தாங்கிகள் ஏற்க வேண்டும். குழாய் பக்கவாட்டில் பிதுங்காதிருக்க, அச்சுத் திசையில் மட்டும் நகரவிடும் வழிகாட்டித் தாங்கிகளும் தேவை.

வலுவான தாங்கி அமைக்க இயலாத இடங்களில், இழுகம்பிகள் கொண்ட மூட்டு அல்லது கீல் மூட்டு பயன்படுகிறது. இவற்றில் உந்துவிசையைக் கம்பிகளும் கீல்களுமே தாங்கிக்கொள்ளும். ஆனால் இவை நீளவாக்கில் அசைவதில்லை. பக்கவாட்டு அசைவையோ கோண அசைவையோ மட்டுமே ஏற்பதால், குழாயின் திசை மாறும் இடத்தில் பொருத்தப்படுகின்றன.

இங்கிலாந்தின் பிளிக்சுபரோ வேதித் தொழிற்சாலையில் 1974 சூன் 1 அன்று நிகழ்ந்த வெடிப்பில் 28 பேர் இறந்தனர். அங்கு விரிசல் கண்ட ஐந்தாம் வினைகலன் அகற்றப்பட்டு, நான்காவதையும் ஆறாவதையும் இணைக்கத் தற்காலிகக் குழாய் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. குழாயின் விட்டம் 20 அங்குலம். இரு முனைகளிலும் 28 அங்குலத் துருத்திகள் இருந்தன. கலன்களின் வாய்கள் வெவ்வேறு உயரத்தில் இருந்ததால் குழாய் இருமுறை வளைக்கப்பட்டது. எனவே இரு முனை உந்துவிசைகளும் ஒரே கோட்டில் அமையாமல் குழாயைத் திருக முயன்றன. அவ்விசை கணக்கிடப்படவே இல்லை. பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்ததே வரைபடமாக இருந்தது.

உழைப்புச் சுழற்சியும் உலோகமும்

அசைவின் அளவைப் போலவே அதன் எண்ணிக்கையும் முக்கியமானது. மின் நிலையக் குழாய் ஆண்டில் சில முறையே குளிர்கிறது. மாறாக, சின்ன காஞ்சிபுரம் போன்ற பட்டு நெசவு ஊரின் சாயப்பட்டறை ஒன்றில் நூலின் பசையை நீக்கவும் சாயமேற்றவும் நீராவி பயன்படுத்தினால், குழாய் நாள்தோறும் சூடாகி ஆறும். ஆண்டுக்கு 300 நாள் எனில் பத்தாண்டில் 3,000 சுழற்சிகள். குழாய் சிறிதாயினும் துருத்திக்கு உழைப்பு அதிகம். (இத்தகைய சிறு பட்டறைக்கு ஓரிரு குழாய் வளைவுகளே போதுமானவை.)

துருத்திக்கு 304, 316, 321 வகைத் துருப்பிடிக்காத எஃகுகள் வழக்கமானவை. குளோரைடு உப்பும் வெப்பமும் இழுதகைவும் சேர்ந்தால் இவற்றில் விரிசல் உண்டாகும். எண்ணூர் முதல் தூத்துக்குடி வரையிலான கடலோர ஆலைகளில் இது மெய்யான இடர். உப்பு மிகுந்த கிணற்று நீரால் சோதனை செய்து, மடிப்புகளில் நீரைத் தேங்கவிடுவதும் இதே கேட்டைத் தரும். இவ்விடங்களில் விலை கூடினாலும் நிக்கல் மிகுந்த இன்கோனல் 625 போன்ற கலப்புலோகங்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

பொருத்துதல்

குழாய்கள் நேராக வந்து சேராத பிழையை மூட்டை இழுத்துச் சரிசெய்தல் கூடாது. துருத்தி முறுக்கத்தைத் தாங்காது. உட்குழல் இருந்தால், மேலே குறிக்கப்பட்ட அம்பு பாய்வுத் திசையை நோக்க வேண்டும். கொண்டுவரும்போது துருத்தி அசையாதிருக்க வைக்கப்படும், வழக்கமாக மஞ்சள் வண்ணம் பூசிய தண்டுகளைக் குழாய் இயங்கத் தொடங்குமுன் அகற்ற வேண்டும். அவை அப்படியே விடப்பட்டால் மூட்டு அசையாது.