காரை தாழ்த்தினால் வளைவில் ஜோர்... வேகத்தடையில் 'டமார்'!

கோவை: செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் கார்களைப் பார்த்துட்டு, வீட்டுக் காரையும் தரையோடு தரையாக இறக்க ஆசையா? கொஞ்சம் பொறுங்க!

காரை தாழ்த்தினால் வளைவில் குறைவாகத்தான் சாயும். அது நிஜம். ஆனால் ரேஸ் டிராக்கில் வேகத்தடை கிடையாதே!

மாருதி ஸ்விப்ட் காரின் அடிப்பாகம் தரையில் இருந்து 163 மி.மீ. உயரம். 40 மி.மீ. இறக்கினால் மிச்சம் 123 தான். குடும்பத்தோடு 5 பேர் ஏறினால் இன்னும் இறங்கும். விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 100 மி.மீ. உயரம் இருக்கணும். தெருக்களில் பல இடத்தில் இருப்பதோ ஒடுக்கமான மேடு! ஆயில் சம்ப் இடித்து உடைந்தால் என்ஜினே காலி.

ஸ்பிரிங்கை வெட்டி இறக்குவது அதைவிட மோசம். பள்ளத்தில் விழும்போது ஸ்பிரிங் இடம் விட்டு நழுவலாம்.

சட்டமும் சும்மா விடாது. அனுமதியில்லாமல் மாற்றினால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டம் 182ஏ பிரிவுப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

வளைவில் வண்டி அலையுதா? முதலில் டயர் காற்று, வீல் அலைன்மென்ட், ஷாக் அப்சார்பர் மூணையும் செக் பண்ணுங்க. பல வண்டியில் கோளாறு அங்கேதான்!