காந்திக்குப் படிக்க நேரமில்லை

காந்திக்குப் புத்தகப் பழக்கம் பெரிதாகக் கிடையாது. நான் சொல்லவில்லை, அவரே 'சத்திய சோதனை'யில் எழுதி வைத்திருக்கிறார். படிக்கிற காலத்தில் பாடப் புத்தகத்தைத் தாண்டி அநேகமாக எதுவும் படித்ததில்லையாம். தொழிலில் இறங்கிய பிறகு நேரமே வாய்க்கவில்லையாம். பெஸ்தாரி ஜெயாவிலோ புக்கிட் ரோத்தானிலோ ஒட்டுக்கடையில் உட்கார்ந்து, "எங்க பையன் புத்தகத்தைத் தொடவே மாட்டேங்கிறான்" என்று குறைப்படும் அப்பாக்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தே தாரிக் ஆறட்டும், மீதியையும் கேளுங்கள்.

1904-ஆம் ஆண்டு. காந்தி ஜோகானஸ்பர்க்கில் வக்கீல். டர்பனில் அச்சாகிக்கொண்டிருந்த 'இந்தியன் ஒப்பீனியன்' வாரப் பத்திரிகைக்கு அவர்தான் பணம் போட்டுக்கொண்டிருந்தார். தமிழுக்கும் அதில் பக்கம் உண்டு. கணக்கு உதைக்கிறது என்று தகவல் வந்தது. நேரில் பார்க்கக் கிளம்பினார். வழியனுப்ப ரயிலடிக்கு வந்த நண்பர் ஹென்றி போலக், போகும்போது படியுங்கள் என்று ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார். ஜான் ரஸ்கின் எழுதிய 'அன்டு திஸ் லாஸ்ட்'. பயணம் 24 மணி நேரம். எடுத்தவர் கீழே வைக்கவில்லை. டர்பன் போய்ச் சேர்ந்த இரவு தூக்கமும் வரவில்லை.

அப்படி என்ன இருந்தது அதில்? தலைப்பே விவிலியக் கதை ஒன்றிலிருந்து வந்தது. திராட்சைத் தோட்டத்துக்காரர் ஒருவர் விடியற்காலையில் சில ஆட்களைக் கூலிக்கு எடுக்கிறார். பிறகு நடுப்பகலில் சிலர், பொழுது சாயும் நேரத்தில் இன்னும் சிலர். சாயங்காலம் எல்லாருக்கும் ஒரே கூலி. காலையிலிருந்து வெயிலில் வெந்தவன் சண்டைக்கு வருகிறான். தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் பிந்தி வந்து திட்டு வாங்கிய பரம்பரை நம்முடையது. இந்தக் கதையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உழைப்புக்கு விலை வைக்கும்போது மனிதனை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் ரஸ்கினின் வழக்கு. 1860-இல் இங்கிலாந்தில் ஒரு பத்திரிகையில் கட்டுரைகளாக வந்தபோது வாசகர்கள் கொதித்துப்போனதால், பத்திரிகைக்காரர்கள் நான்கோடு நிறுத்திவிட்டார்கள். அதே 1860-இல்தான் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் டர்பனில் போய் நின்றது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் சேர்த்து நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ரஸ்கினிடமிருந்து மூன்று விஷயங்களை எடுத்துக்கொண்டதாகக் காந்தி சொல்கிறார். எல்லாருடைய நன்மையில்தான் தனி மனிதனின் நன்மை இருக்கிறது. வக்கீல் தொழிலுக்கும் நாவிதர் தொழிலுக்கும் மதிப்பு ஒன்றே. உடலால் உழைக்கும் வாழ்க்கையே வாழத் தகுந்தது. முதலாவது தனக்கு ஏற்கெனவே தெரியும் என்கிறார். இரண்டாவது மங்கலாகத் தெரிந்திருந்தது. மூன்றாவது தோன்றியதே இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். புத்தகம் ஆளை மாற்றுகிறது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மாறுவதற்கு அந்த ஆளிடம் ஏற்கெனவே ஏதோ இருந்திருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. ரப்பர் மரத்தில் பால் பட்டைக்குள் இருக்கிறது, உளி அதை உண்டாக்குவதில்லை. அதே உளியை வெயில் ஏறிய பிறகு வைத்தால் பாலும் ஒழுங்காக வடியாது. பதின்மூன்று வருடம் முன்னால், லண்டனில் படித்துவிட்டு வந்த புதிதில், காந்தி கையில் இதே புத்தகத்தைக் கொடுத்திருந்தால் பெட்டிக்கு அடியில் போயிருக்கும் என்பது என் கணிப்பு.

இங்கே நம் பிள்ளைக்கு வருவோம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் தமிழில் படிக்கிறான். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அநேகமாக எல்லாம் மலாயில். சிலருக்கு நடுவில் ஒரு வருடம் புகுமுக வகுப்பு வேறு. தமிழ் வாரத்தில் சில பாடவேளைகளாகச் சுருங்கிப்போகிறது. எந்த மொழியிலும் சுகமாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் ஊன்றுவதற்குள், புத்தகம் என்றாலே பரீட்சை என்று மனதில் பதிந்துவிடுகிறது. இதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பரிசளிப்பு விழாவில் ஜிகினாத் தாள் சுற்றி ஒரு தன்முன்னேற்ற நூலைக் கொடுத்து அனுப்புகிறோமே, அதைப் பிரித்துப் படித்த பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. விடிந்தால் ஜெயிப்பது எப்படி என்று சொல்லும் புத்தகத்துக்கு, அவன் வீட்டில் நடப்பது எதுவும் தெரியாது.

அவனுக்கு அவன் ஊரிலிருந்தே ஆரம்பிக்கலாம். பெஸ்தாரி ஜெயாவுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் இருந்த காலம். அங்கே தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. நட்டவர் ஹென்றி ஃபொக்கொனியே என்ற பிரெஞ்சுத் துரை. போர்னியோவில் சவ்வரிசி மரம் நட்டுப் பணம் பண்ணலாம் என்று புறப்பட்டு வந்து, வழியில் சிங்கப்பூரில் ரப்பரைப் பற்றிக் கேள்விப்பட்டு மனம் மாறியவர். பிற்பாடு இந்த மண்ணை வைத்து 'மலேசி' என்றொரு நாவல் எழுதினார். 1930-இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் அதற்குக் கிடைத்தது. குலை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகிற பையனிடம், உன் தோட்டத்துத் துரை எழுதின புத்தகத்துக்கு பாரிசில் பரிசு கொடுத்தார்கள் என்று சொல்லிப் பாருங்கள். நிமிர்ந்து பார்ப்பான். அடுத்து, "நம்ம ஆளுங்க அதுல இருக்காங்களா?" என்று கேட்பான். இருக்கிறார்கள், துரை கண்ணுக்குத் தெரிந்த அளவில். "அப்ப நம்ம ஆளு எழுதினது?" என்ற கேள்வி அவன் வாயில் வரும்வரை பொறுத்திருங்கள். காந்திக்கு ரயிலில் வாய்த்த வேளை அதுதான்.

எதைக் கொடுப்பது? அகிலன் தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்து எழுதிய 'பால்மரக் காட்டினிலே' இருக்கிறது. என்னைக் கேட்டால் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்'. 1942, 43-இல் ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டான். நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரை அதற்காக ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். தாத்தாவின் அண்ணன் பேச்சு வந்தால் பாட்டி ஏன் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள் என்று யோசித்திருக்கிற பிள்ளைக்கு, அந்த நாவல் வேறு மாதிரி படும்.

உடனே விளைச்சலை எதிர்பார்க்க வேண்டாம். காந்தி வேகமாகத்தான் இருந்தார்: டர்பனிலிருந்து 14 மைலில், பீனிக்ஸ் என்ற இடத்தில் 1,000 பவுனுக்கு 100 ஏக்கர் வாங்கினார். நிறம் பாராமல் ஆளுக்கு மாதம் 3 பவுன் என்று ஏற்பாடு செய்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது. ஆனால் அச்சகத்தைத் தொடங்கிய மதன்ஜித் இந்த யோசனையைப் பைத்தியக்காரத்தனம் என்றார். காந்தியும் ஜோகானஸ்பர்க்குக்குத் திரும்பி வக்கீல் வேலையைத்தான் பார்த்தார்; பீனிக்ஸில் நிறைய நாள் தங்க முடியாமல் போனது அவருக்குக் கடைசிவரை குறை. அவருக்கே அப்படி என்றால் உங்கள் பையன் நாவலைப் பாதியில் வைத்துவிட்டு லாரி ஓட்டப் போவதில் தப்பில்லை. எத்தனை பக்கம் ஆச்சு என்று மட்டும் கேட்காதீர்கள். கொடுப்பதற்கு முன் நீங்கள் அதைப் படித்திருக்க வேண்டும். போலக் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். உங்களுக்கும் படிக்க நேரமில்லையா? அதற்குத்தானே முதலில் காந்தியைப் பற்றிச் சொன்னேன்.