97, ஆர்ச்சர்ட் தெரு: வாடகைக்காரர்களின் அருங்காட்சியகம்

1907 ஏப்ரல் 17 அன்று ஒரே நாளில் 11,747 பேர் எல்லிஸ் தீவு வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தார்கள். அந்த நாளின் நினைவாக 2004 முதல் ஆண்டுதோறும் ஏப்ரலில் குடியேறிகள் மரபு வாரம் கொண்டாடுகிறது நியூயார்க் நகரம். கப்பலை விட்டு இறங்கியவர்கள் அதன் பிறகு எங்கே, எப்படி வாழ்ந்தார்கள்? அதைக் கண்ணால் காண டெனமென்ட் (ஒண்டுக்குடித்தனக் கட்டடம்) அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

மன்ஹாட்டனில் 97, ஆர்ச்சர்ட் தெருவில் உள்ள கட்டடம் அது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய தையல்காரர் லூகாஸ் குளோக்னர் 1863இல் கட்டியது. வீட்டுக்கு மூன்று அறைகள், சுமார் 325 சதுர அடி. தொடக்கத்தில் கழிப்பறை கொல்லைப்புறத்தில்தான். இந்த ஒண்டுக்குடித்தனங்களில் 1935 வரை இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் மக்கள், ஏறத்தாழ 7,000 பேர், வாழ்ந்து போனார்கள். வீட்டுவசதி விதிகள் கேட்ட மாற்றங்களைச் செய்ய மனமில்லாத உரிமையாளர் அந்த ஆண்டு குடியிருந்தவர்களை வெளியேற்றினார். கீழே கடைகள் நடந்தன. மேல்மாடிகள் அரை நூற்றாண்டு பூட்டிக் கிடந்தன. 1988இல் ரூத் ஆப்ராமும் அனிதா ஜேக்கப்சனும் அருங்காட்சியகத்தைத் தொடங்கியபோது பழைய சுவர்க்காகிதங்கள் அடுக்கடுக்காக அப்படியே இருந்தன.

புகழ்பெற்றவர்கள் யாரும் இங்கே இல்லை. மக்கள்தொகைக் கணக்கு, நீதிமன்ற ஆவணம், குடும்பத்தாரின் நினைவு ஆகியவற்றைச் சேர்த்து, குடியிருந்தவர்களின் வாழ்க்கையை அந்தந்த வீட்டிலேயே மீட்டெடுத்திருக்கிறார்கள்.

நாட்டலி கம்பெர்ட்ஸ் அவர்களில் ஒருவர். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், 1874இல், வீட்டை விட்டுப் போன கணவர் ஜூலியஸ் திரும்பவே இல்லை. நாட்டலி வீட்டிலேயே துணி தைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். 1883இல் ஜூலியஸின் தந்தை விட்டுச்சென்ற 600 டாலரைப் பெறுவதற்காக, கணவர் இறந்துவிட்டதாக அறிவிக்கக் கோரி நீதிமன்றம் போனார். அந்த ஆவணங்களே இன்று அவர் கதையைச் சொல்கின்றன. குடியேறிகளைக் கொண்டாட இதைவிட நேர்மையான வழி இல்லை: துயரத்தை மறைக்காமல், அதைத் தாண்டி உழைத்த கைகளுக்கு மதிப்புத் தருவது.

கொண்டாட்டத்தின் எல்லையும் விரிந்துகொண்டே வருகிறது. அதே தெருவில் 103ஆம் எண் கட்டடத்தில் 2017இல் திறந்த கண்காட்சியில், யூத இன அழிப்பிலிருந்து தப்பிய குடும்பமும், போர்ட்டோ ரிக்கோ குடும்பமும், சீனக் குடும்பமும் இடம்பெறுகின்றன. மேலும், 1860களில் ஜோசப் மூர் என்ற ஒரே பெயரில் இரண்டு உணவக ஊழியர்கள் நியூயார்க்கில் இருந்தது கவனத்துக்கு வந்தது. ஒருவர் 97ஆம் எண் கட்டடத்தில் குடியிருந்த அயர்லாந்துக்காரர். மற்றவர் நியூ ஜெர்சியிலிருந்து வந்த கறுப்பினத்தவர்; இங்கே குடியிருந்ததே இல்லை. ஆயினும் 2023 இறுதியில் அவருக்கும் அவர் மனைவி ரேச்சலுக்கும் அதே கட்டடத்தில் ஒரு வீட்டை அமைத்துத் திறந்தது அருங்காட்சியகம்.