இடைக்கழிநாட்டு வழி

நெய்தல் நெடுவழி – 6

சென்னைத் துறைமுகத்தின் கல்சுவர்கள் கடலுக்குள் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து நகர்ந்துவந்த மணல் அங்கே தடைப்பட்டு மெரினா அகன்றதும், அந்த மணல் கிடைக்காத வடபகுதியில் இராயபுரம் தொடங்கிக் கரை அரிக்கப்பட்டதும் சென்ற இதழில் விளக்கப்பட்டன. அந்த மணல் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையில், அதாவது திருவான்மியூருக்குத் தெற்கே மரக்காணம் வரையுள்ள கரையில், சென்னைக் குடும்பங்கள் மேற்கொள்ளும் ஒருநாள் பயணத்தை இப்பகுதி ஆராய்கிறது. காலையில் சோற்று மூட்டையுடன் புறப்பட்டு, முதலைப் பண்ணையையும் மாமல்லபுரத்தையும் பார்த்து, மாலையில் கடலில் கால் நனைத்து, இருட்டிய பின் வீடு திரும்பும் இந்தப் பயணம் நெடுங்கால வழக்கம்போலத் தோன்றினாலும், இன்றைய வடிவில் அதற்கு முப்பது ஆண்டு வயதுகூட முழுமையாக ஆகவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலை, மீனவர் குப்பங்களை இணைத்துக் கிடந்த குறுகிய ஊர்ச்சாலைகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. 2002 முதல் அது சுங்கச் சாலையாக இயங்குகிறது. அதற்கு முன் மாமல்லபுரம் செல்ல விரும்பியவர்களில் பலர் செங்கல்பட்டு வரை ரயிலில் சென்று, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே திரும்பினர். கடற்கரைக் கோயிலைக் காணப் போனவர்கள் கடைசிச் சில மைல்கள் வரை கடலைக் காணாமலே சென்றனர். புதிய சாலை கடலை நெருங்கி ஓடியும், இக்குறை முழுமையாகத் தீர்ந்துவிடவில்லை. நீலாங்கரையிலிருந்து கோவளத்தை நெருங்கும் வரை மாளிகைகளின் மதில்களும் கேளிக்கைப் பூங்காக்களின் விளம்பரப் பலகைகளுமே கண்ணில் படுவதால், காரின் பின் இருக்கையில் அமர்ந்த குழந்தை 'கடல் எங்கே?' என்று கேட்பது நியாயமான கேள்வியே.

அதற்கு விடை முட்டுக்காட்டுப் பாலத்தில் கிடைக்கிறது. பாலத்தின் கிழக்கே கடலும் மேற்கே அகன்ற நீர்ப்பரப்பும் தெரிவதிலிருந்து, சாலை இதுவரை ஒரு மணல்திட்டின் முதுகிலேயே ஓடிவந்திருக்கிறது என்பது விளங்கும். கடற்கரைக்கு இணையாக அலைகளும் காற்றும் குவித்த இத்திட்டுக்குப் பின்புறம் தேங்கும் உவர்நீர்ப் பரப்பே கழி; அது கடலோடு கலக்கும் வாய் முகத்துவாரம் எனப்படுகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் தென்மேற்குக் காற்றால் எழும் அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்த, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று அதைத் தெற்கு நோக்கித் திருப்புகிறது. முதலாவதன் வலிமையே மிகுதி என்பதால் ஆண்டுக் கணக்கில் மணல் வடக்கே செல்கிறது. கோடையில் இம்மணல் முகத்துவாரத்தின் குறுக்கே திட்டாகப் படிந்து அதை அடைப்பதும், மழைக்காலத்தில் கழியில் பெருகும் வெள்ளம் அத்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் பாய்வதும் இயற்கையான சுழற்சி. எனவே ஏப்ரலில் பார்த்த முட்டுக்காட்டை டிசம்பரில் மீண்டும் பார்ப்பவர் வேறோர் ஊரைப் பார்ப்பதாகவே கருதக்கூடும். 1984இல் தொடங்கப்பட்ட படகுத்துறையில் சவாரிக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் பாலத்தின் கிழக்கு ஓரத்திலும் சிறிது நேரம் நின்று பார்ப்பது நல்லது; இக்கரையின் இயக்கத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் இச்சாலையில் வேறில்லை.

இதே கழிகளை ஒன்றோடொன்று வெட்டி இணைத்ததுதான் பக்கிங்ஹாம் கால்வாய். 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய பணி படிப்படியாக வடக்கும் தெற்கும் நீண்டது. 1876–78 பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி தோண்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்ட இந்நீர்வழியில் விறகும் உப்பும் மட்டுமல்லாமல் மக்களும் பயணம் செய்தனர். பாரதிதாசன் 1934இல் ஜீவானந்தம் முதலிய நண்பர்களுடன் இக்கால்வாயில் படகேறி மாமல்லபுரம் சென்றார். 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதை அப்பயணத்திலிருந்து பிறந்தது. இன்று ஒன்றரை மணி நேரத்தில் முடியும் தொலைவுக்கு அன்று ஓர் இரவு தேவைப்பட்டது. ஆனால் அந்த இரவில் பயணி கழியின் மேலேயே மிதந்துசென்றார். சாலை மிச்சப்படுத்திய நேரத்துக்கு ஈடாக நிலத்தைப் பற்றிய அறிவில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டது என்று கணக்கிடுவது தவறாகாது.

முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே குடும்பங்கள் நிற்கும் இடங்கள் பலருக்கும் தெரிந்தவையே. தென்னிந்திய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பிக் காட்டும் தட்சிணசித்ரா 1996இலும், வடநெம்மேலி முதலைப் பண்ணை 1976இலும் தொடங்கப்பட்டன. பண்ணையில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பின் நஞ்சு எடுக்கும் முறையைக் காண வாய்த்தால், நாட்டின் நச்சுமுறி மருந்துக்கான மூலப்பொருளில் பெரும்பகுதி எவருடைய கைகளிலிருந்து வருகிறது என்பதைக் குழந்தைகள் நேரில் அறிவர்.

பெரும்பாலான வண்டிகள் நிற்காமல் கடக்கும் சாளுவன்குப்பத்துக்கு இவற்றைவிடக் கூடுதல் நேரம் தகும். புலிக்குகை என்றழைக்கப்படும் பல்லவர் காலக் குடைவரைக்கு அருகே, 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்றபோது கல்வெட்டுடன் கூடிய பாறை வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் முருகன் கோயிலொன்றின் அடித்தளம் கிடைத்தது. பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானத்துக்குக் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயில் இருந்தது. அதைச் சங்க காலத்தது என்று அகழாய்வாளர்கள் கருதுவதுடன், பழங்காலப் பேரலைகளே அதன் அழிவுக்குக் காரணமாகலாம் என்றும் கூறுகின்றனர். கடல் மூடிய ஒன்றைக் கடலே திறந்துகாட்டிய இவ்விடத்தில் நுழைவுச்சீட்டு வரிசையோ தின்பண்டக் கடைகளின் நெருக்கடியோ இல்லை என்பதே மக்கள் கவனிக்காததற்குக் காரணம் போலும்.

மாமல்லபுரச் சிற்பங்களைப் பற்றி இத்தொடரில் தனியே எழுத வேண்டியிருப்பதால் இங்கே ஒன்று மட்டும் குறிப்பிடப்படுகிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயில் இன்று உப்புக்காற்றையும் அலையையும் தாங்கி நிற்பதற்கு, முன்புறம் கொட்டப்பட்ட பாறைகளும் சுற்றிலும் வளர்க்கப்பட்ட சவுக்குத் தோப்பும் பெரிதும் உதவுகின்றன. அதே கரையில் குளிப்பவர்களுக்கு அத்தகைய காப்பு இல்லை. கரையேறிய அலைநீர் ஒரு தாழ்வான பள்ளத்தில் ஒன்றுசேர்ந்து விரைவாகக் கடலுக்குத் திரும்பும்போது உண்டாகும் இழுவை நீரோட்டம், மேலிருந்து பார்க்கையில் அலை குறைந்த அமைதியான பகுதியாகத் தோன்றுவதால், நீந்தத் தெரியாதவர்கள் அதையே பாதுகாப்பான இடமென்று எண்ணி இறங்குகின்றனர். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் இழுப்பிலிருந்து விடுபட முடியும்.

பகற்பயணிகளில் பெரும்பாலோர் மாமல்லபுரத்தோடு திரும்பிவிடுகின்றனர். டச்சுக்காரர் கோட்டை சிதைந்து நிற்கும் சதுரங்கப்பட்டினத்தையும் கல்பாக்கம் அணுமின் நிலையத்தையும் பாலாற்று முகத்துவாரத்தையும் கடந்து மேலும் தெற்கே செல்பவர்கள், ஒருபுறம் கடலும் மறுபுறம் கழியும் விடாமல் தொடர்ந்துவரும் இடைக்கழிநாட்டை அடைகின்றனர். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என்றே குறிக்கப்படுகிறார். ஆற்றுப்படை என்பது, வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் கலைஞனை அவ்வள்ளலிடம் வழிப்படுத்துவதாக அமையும் இலக்கிய வகை. யாழேந்திய பாணன் விறலியோடும் சுற்றத்தோடும் நல்லியக்கோடனின் ஓய்மாநாட்டுக்குச் செல்லும் வழியை இந்நூல் சொல்கிறது. அவ்வழியில் முதலில் வருவது, இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கருதும் எயிற்பட்டினம். வெண்மணல் பாதையின் இருபுறமும் தாழையும் செருந்தியும் கழிமுள்ளியும் புன்னையும் பூத்திருப்பதையும், அலை ஒதுக்கிய நறுமண மரத்தை விறகாக்கி நுளையர் மகளிர் தேறல் காய்ச்சுவதையும், பசித்து வருவோருக்குப் பரதவர் சுட்ட குழல்மீன் கிடைப்பதையும் நத்தத்தனார் வரிசையாகக் கூறுகிறார். எங்கே என்ன உண்ணலாம் என்று சொல்லாத வழிகாட்டி நூல் எந்தக் காலத்திலும் பயனற்றது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

அதே நூலில், பாண்டி நாட்டுக் கொற்கையைப் பற்றிய பகுதியில் வேறொரு குடும்பமும் இடம்பெறுகிறது. உப்பு விற்கும் உமணர் மனைவி மக்களுடன் வண்டித் தொடராகச் செல்கையில், அவர்களோடு வளர்ந்த மந்தி ஒன்று, சிப்பிக்குள் முத்தை அடைத்துக் கிலுகிலுப்பையாக்கி அவர்களின் பிள்ளைகளோடு விளையாடுகிறது. வணிகப் பயணமே குடும்பப் பயணமாகவும் இருந்த காலத்தின் காட்சி இது. நெடுவழியில் பிள்ளைகளைச் சலிப்படையாமல் வைத்திருப்பது அன்றும் பெற்றோரின் கவலையாக இருந்திருக்க வேண்டும்.

நத்தத்தனார் காட்டிய பூக்களில் தாழை இன்றும் ஆங்காங்கே உண்டு. ஆனால் திட்டுகளை ஆள்வது, 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகப் பெருமளவில் பரப்பப்பட்ட சவுக்கு. கடப்பாக்கத்துக்கு அருகே கழியின் ஓரத்தில் நிற்கும் ஆலம்பரைக் கோட்டை 1750இல் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. செங்கல்லும் சுண்ணாம்புமான அதன் எஞ்சிய மதிலிலிருந்து பார்த்தால் கழி, மணல்திட்டு, கடல் ஆகிய மூன்றும் அடுக்காகத் தெரியும். மீனவர்களின் படகில் கழியைக் கடந்து அத்திட்டில் இறங்கி நடந்தால், மதில்களுக்குப் பின்னே தேடிய கடலைக் குழந்தைகள் இங்கே மறைப்பின்றிக் காணலாம்.

அங்கிருந்து மரக்காணம் நெருங்கும்போது சாலையோரத்தில் உப்பளங்கள் விரிகின்றன. உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் செறிவூட்டி, கடைசிப் பாத்தியில் விளைந்த உப்பை வாரிக் குவிக்கும் தொழிலாளர்கள், வெப்பத்துக்கு அஞ்சி விடியுமுன்பே வேலையைத் தொடங்குவதால், நண்பகலில் வந்துசேரும் பயணிகள் பெரும்பாலும் ஆளில்லாத உப்புக் குவியல்களையே காண்கின்றனர். வடகிழக்கு மழை தொடங்கியதும் பருவம் முடிந்து பாத்திகள் நீரில் மூழ்குகின்றன. அதே மழையால் நிரம்பும் கழுவேலி ஏரிக்கு வலசைப் பறவைகள் வருகின்றன. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த ஏரியும், உப்பளத் தொழிலாளர்களின் கூலியும் மழைக்கால வாழ்க்கையும் அடுத்த இதழில் விளக்கப்படும்.