நாட்களை எண்ணும் நெஞ்சம்



மலைநாட்டுத் தோட்டங்களில் நாட்களை எண்ணுவது புதிய காரியமன்று. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் பதிவதும், பறித்த கொழுந்தை நிறுத்துக் கணக்கிடுவதும் தலைமுறை தலைமுறையாக நடந்துவருபவை. ஒரு நாள் வேலையை அங்கே 'பேர்' என்றே சொல்வர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தவருக்கு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். செக்ரோலைப் புரட்டினால் எத்தனை நாள் உழைத்தோம் என்பது தெரிந்துவிடும். ஆயினும், அந்நாட்களை எவ்வாறு வாழ்ந்தோம் என்பதை அந்த ஏடு சொல்வதில்லை.

விவிலியத்தில் மோசேயின் மன்றாட்டு என வழங்கும் 90ஆம் சங்கீதம் நாடுவது இந்த இரண்டாவது கணக்கையே. மனிதனின் ஆயுள் எழுபது ஆண்டு, பலம் மிகுந்தால் எண்பது என்று அது சொல்கிறது. காலையில் முளைத்து மாலையில் உலரும் புல்லுக்கு நம்மை ஒப்பிடுகிறது. ஆதலால், நாட்களை எண்ணும் வகையைத் தங்களுக்குப் புகட்டுமாறு இறைவனை வேண்டுகிறது. அந்த எண்ணிக்கையால் வரும் பேறு செல்வமன்று, நீண்ட ஆயுளுமன்று. இருதயத்தில் பிறக்கும் ஞானமே.

இம்மலைகளின் வரலாறும் இதையே உணர்த்தும். காப்பி என்றும் நிலைக்கும் என்று நம்பியவர் பலர். 1869இல் இலைநோய் தோன்றியது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் அப்பெருந்தொழில் சரிந்தது. லூல்கந்துரையில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், 1892இல் தம் 57ஆம் வயதில் மறைந்தார். டிக்கோயாவில் 1878இல் எழுந்த வார்லி தேவாலயம், இன்று காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கி நிற்கிறது. அதன் கல்லறைத் தோட்டத்தில் துரைமாரின் பெயர்களும் ஆண்டுகளும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. மன்னார்க் கரையில் இறங்கிக் கால்நடையாக வந்து, நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்ட தமிழ்த் தொழிலாளருக்கோ கல்லும் இல்லை, பெயரும் இல்லை. மரணம் இருவரையும் ஒன்றாகவே எண்ணியது. மனிதர்தாம் வேறாக எண்ணினர்.

வாழ்நாள் இத்துணைச் சிறிதாயின், வருவதைப் பொறுத்துக்கொண்டு மறுமைக்குக் காத்திருப்பதுதான் ஞானமா? சிலர் சமயத்தை அவ்வாறு போதித்ததுண்டு. ஆனால் அச்சங்கீதம் அப்படி முடியவில்லை. கைகளின் உழைப்பு நிலைபெற வேண்டும் என்ற விண்ணப்பத்தோடு முடிகிறது. நாள் குறுகியது; எனவே ஒவ்வொரு நாளும் விலையேறப்பெற்றது. என் நாளுக்கு அவ்விலை உண்டென்றால், பிறருடைய நாளுக்கும் அதே விலை உண்டல்லவா?

இயேசுநாதர் சொன்ன திராட்சைத் தோட்டத்து உவமையை நினைத்துப் பாருங்கள். விடியலில் வந்தவர்களுக்கும், பொழுது சாயும் வேளையில் வந்தவர்களுக்கும் தோட்டத்துச் சொந்தக்காரர் ஒரே கூலி கொடுத்தார். முந்தி வந்தவர்கள் முறுமுறுத்தார்கள். தோட்ட மொழியில் சொன்னால், அவரிடம் அரைப்பேர் இல்லை; எல்லோருக்கும் முழுப்பேர்தான். பிந்தி வந்தவனுக்கும் வயிறு உண்டு, பிள்ளைகள் உண்டு என்பது அவருக்குத் தெரியும்.

லயத்துத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியை எண்ணிப் பாருங்கள். நாற்பது ஆண்டு கூடை சுமந்த முதுகு வளைந்துவிட்டது. செக்ரோலில் இப்போது அவருக்குப் பேர் இல்லை. அதனால் அவருடைய நாட்கள் தீர்ந்துவிட்டனவா? பேரப்பிள்ளைக்குச் செபம் சொல்லிக்கொடுக்கும் அந்த நாளும் ஆண்டவருடைய ஏட்டில் முழுப்பேராகவே விழுகிறது என்பதே கிறிஸ்தவ விசுவாசம். அவ்விசுவாசம் உடையவர்கள் அவருக்குக் கஞ்சியும், கம்பளியும், காதுகொடுத்துக் கேட்கும் அன்பும் தர மறக்கமாட்டார்கள்.

நேயர்களே, இன்றிரவு விளக்கை அணைக்குமுன் நம் நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எவ்வளவு சேர்த்தோம் என்பதை விட்டு, இன்று யாருடைய நாளை அரைப்பேராக எண்ணினோம் என்று கேட்டுக்கொள்வோம். அந்தக் கேள்வியில் தொடங்குகிறது இருதயத்தின் ஞானம்.