பெயரைச் சொன்னால் மரணம்! மெக்ரெகர் குலம் பெயரை இழந்த கதை

‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் ஒபி-வானாக வந்த யூவன் மெக்ரெகரைத் தெரியும்தானே? அந்தக் குடும்பப் பெயரை 1603-ல் ஸ்காட்லாந்தில் சொல்லியிருந்தால் உயிர் தப்புவதே கஷ்டம்.

‘மெக்’ என்றால் கேலிக் மொழியில் மகன். (ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான். வாட்ஸ்அப்பில் பரப்பிடாதீங்க!) மெக்ரெகர் என்றால் கிரெகரின் வாரிசு.

யார் அந்த கிரெகர்? 9-ம் நூற்றாண்டு மன்னர் கென்னத் மெக்ஆல்பினின் சகோதரர் என்கிறது குலக்கதை. ‘என் குலம் அரசகுலம்’ என்பதுதான் இவர்களின் முழக்கமே. ஆனால், வரலாற்றில் இவர்களின் தடம் தெளிவாவது 14-ம் நூற்றாண்டில்தான், கிளென் ஆர்க்கி பள்ளத்தாக்கில்.

சிக்கல் நிலத்தில் தொடங்கியது. தலைமுறைகளாக வாழ்ந்தது மெக்ரெகர்கள். ‘பட்டா’ போனதோ கேம்பல் குலத்தின் கைக்கு. இத்தனைக்கும் இரண்டு குலங்களுக்கும் இடையே பெண் கொடுத்து, பெண் எடுக்கும் உறவு உண்டு. மெக்ரெகர் தலைவர் கிரெகர் ராய் மணந்தது ஒரு கேம்பல் பெண்ணை. 1570-ல் அவர் தலையை வெட்டியதும் கேம்பல்கள்தான். கைக்குழந்தையுடன் அந்த மனைவி பாடியதாகச் சொல்லப்படும் பாட்டு, பாதி தாலாட்டு, பாதி ஒப்பாரி. இன்றும் கேலிக்கில் பாடப்படுகிறது.

1603 பிப்ரவரியில் கிளென் ஃபுரூயின் என்ற இடத்தில் கஹூன் குலத்தவர் பலரை மெக்ரெகர்கள் கொன்றார்கள். இங்கிலாந்து அரியணைக்காக லண்டனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மன்னர் ஆறாம் ஜேம்ஸ் ஆட்சியில், ஏப்ரலில் அந்தப் பெயருக்கே தடை வந்தது. மீறினால் மரணம். தலைவர் அலாஸ்டர் 1604-ல் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார்.

மற்றவர்கள் மர்ரே, கிராண்ட், டிரம்மண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். சிலர் கேம்பல் என்றே! 1661-ல் நீங்கிய தடை 1693-ல் திரும்பி வந்தது. புகழ்பெற்ற ராப் ராய் மெக்ரெகரும் அம்மா வழிப் பெயரான கேம்பலைப் போட்டுக்கொண்டார்.

அதனால்தான் இன்றைக்கு ஒரு மர்ரேயோ கிராண்டோ தன் பரம்பரையைத் தேடும்போது மெக்ரெகரில் போய் நிற்க வாய்ப்புண்டு. வெறும் குடும்பப் பெயரை நம்பி வம்சாவளி வரைய முடியாது.

தடை முழுசா நீங்கியது 1774-ல். குலத் தலைவராக ஏற்கப்பட்ட சர் ஜான், கிழக்கிந்திய கம்பெனிக்காக வங்காளத்தில் வேலை பார்த்ததெல்லாம் மர்ரே என்ற பெயரில்தான். அரச அனுமதியுடன் அவர் மெக்ரெகர் ஆனது 1822-ல்.